விசிறி போதுமானது

"எங்க வீட்ல ஏ.சி. மாட்டணும். அதுக்கு அனுமதி வேணும்."

எந்த மேசைக்கு முன்னால் நின்றாலும் இதை மட்டும் வாய் தவறிக்கூடச் சொல்லிவிடாதே என்று அம்மா அவளிடம் படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். கழகத்திடம் எதையுமே கேட்கக் கூடாது என்பது அம்மாவின் வேதம். "கேட்டா, இருக்கறத எண்ணிப் பாக்க வருவாங்கடி. எண்ணினா ஏதாவது கூடுதலாத்தான் இருக்கும். எடுத்துட்டுப் போயிடுவாங்க." அந்த வேதத்தை நம்பித்தான் அம்மா இத்தனை வருஷமும் ஒழுகும் குழாய்க்குக் கீழே வாளியை மாற்றி மாற்றி வைத்துக் குடும்பம் நடத்தினாள்.

அவள் கேட்டுவிட்டாள்.

குடியிருப்புப் பிரிவு எழுத்தர் பேனாவைக் கீழே வைத்தார். வெளியே தார்ச்சாலையில் செருப்பு ஒட்டிக்கொள்ளும் வெயில். எழுத்தரோ கழுத்துவரை பொத்தான் போட்ட கம்பளிச் சட்டைக்குள் இருந்தார். பக்கத்து மேசைக்காரர் மஃப்ளரைத் தளர்த்தி, காதில் விழுந்தது சரிதானா என்பதுபோல் எட்டிப் பார்த்தார்.

"மெதுவா பேசும்மா. இது மின்சிக்கனக் கழகம்."

"தெரியும். போர்டைப் படிச்சிட்டுத்தான் உள்ள வந்தேன்."

"அந்த ரெண்டு எழுத்தை இங்க யாரும் சொல்றதில்ல. செயற்கைக் குளிர்னு சொல்லணும்."

அவள் அண்ணாந்து பார்த்தாள். கூரையில் வரிசையாக இருந்த சதுரத் துவாரங்கள் வஞ்சனையில்லாமல் குளிரைக் கொட்டிக்கொண்டிருந்தன. "அப்போ இது என்ன?"

"இது கருவிப் பாதுகாப்புச் சூழல். கம்ப்யூட்டரெல்லாம் சூடாகக் கூடாது பாரு."

"இந்த ரூம்ல கம்ப்யூட்டர் எங்க இருக்கு?"

"வாங்கணும்," என்றார் எழுத்தர். "தீர்மானம் போட்டாச்சு."

கழகத்தைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுவது நல்லது. மக்களுக்கு மின்சாரத்தைச் சிக்கனமாகச் செலவழிக்கக் கற்றுக்கொடுப்பது அதன் தொழில். அந்த நகரத்திலேயே மிக அதிகமாக மின்சாரம் தின்கிற கட்டடமும் அதுதான். கட்டடத்துக்குப் பின்னால், சினிமாக் கொட்டகை அளவுள்ள ஒரு தகரக் கூடத்தில் குளிரூட்டும் இயந்திரம் நிற்கிறது. இரவும் பகலும் அது ஓடும். இரவில் ஆளில்லாத கட்டடத்துக்கு எதற்குக் குளிர் என்று கேட்கக் கூடாது. காலையில் அதிகாரி வந்து உட்காரும்போது நாற்காலி சில்லென்று இருக்க வேண்டும். அதற்காக இரவெல்லாம் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு அந்த இயந்திரத்துக்குக் காவல் இருக்கிறவர் அவளுடைய அப்பா.

கட்டடம் முழுவதையும் குளிர வைத்துவிட்டு அப்பா காலையில் வீட்டுக்கு வருவார். வீடு கழகத்தின் தொழிலாளர் குடியிருப்பில் மொட்டைமாடிக்கு நேர் கீழே இருக்கிற தளம். சூரியன் அந்தக் கூரையைத் தன் சொந்தச் சொத்துபோல் பாவித்தது. ஊரெல்லாம் உழைக்கிற பகலில்தான் அப்பா தூங்கியாக வேண்டும். அந்தப் பகலில் அந்த வீட்டில் தோசைக்கல்லில் கிடக்கிற தோசைதான் தூங்கும், அதுவும் ஒரு பக்கம் வெந்த பிறகு.

கழகக் குடியிருப்புகளில் யாருக்கு என்ன காற்று என்பது விதிப்படி நிர்ணயிக்கப்பட்டது. அதிகாரிகளுக்கு ஏ.சி. அதற்கு 'உயர்நிலைச் சிந்தனைச் சூழல்' என்று பெயர். நடுத்தரப் பணியாளர்களுக்குத் தண்ணீர் ஊற்றுகிற கூலர். தொழிலாளர்களுக்கு விசிறி. உடலால் உழைப்பவர்களுக்கு வெயில் பழகியிருக்கும் என்பது காரணம். இதைக் கண்டுபிடிப்பதற்காக ஒரு குழு மலை வாசஸ்தலம் ஒன்றில் தங்கி ஆராய்ந்தது.

அவளுக்கு விசிறியோடு பகை எதுவும் கிடையாது. பள்ளிக்கூடத்தில் அறிவியல் நடத்துகிறவள். விசிறி காற்றைக் குளிர வைப்பதில்லை, நம் வியர்வையைத்தான் உலர்த்துகிறது என்று வகுப்பில் படம் போட்டு விளக்குவாள். சாயங்காலம் சன்னலைத் திறந்து வைத்து விசிறியைப் போட்டால் சொர்க்கம், செலவும் குறைவு, அதற்கு மேல் ஆசைப்படுகிறவள் பேராசைக்காரி என்று அவளே தோழிகளிடம் சொல்லியிருக்கிறாள். ஆனால் அறைக்குள் இருக்கிற காற்றே உடம்பைவிடச் சூடாகிவிட்டால் விசிறி விசிறியாக இருப்பதில்லை. கொல்லனின் துருத்தியாகிவிடுகிறது.

அந்தத் துருத்திக்குக் கீழே படுத்து எழுந்த ஒரு நாள், வேலைக்குக் கிளம்பிய அப்பா மாடிப்படியில் மயங்கி விழுந்தார். உடம்பு அனலாகக் கொதித்தது. வியர்வை நின்றுபோயிருந்தது. பெண்டாட்டியைப் பார்த்து "நீங்க யாருங்க?" என்று மரியாதையாகக் கேட்டார். ஆஸ்பத்திரியில் ஐஸ் கட்டிகளுக்கு நடுவே படுக்கவைத்து ஆளை மீட்டார்கள். டாக்டர் பெண்மணி மகளைத் தனியே கூப்பிட்டார்.

"பகல்ல குளிர்ச்சியான ரூம்ல தூங்கணும். விசிறி பத்தாது. இன்னொரு தரம் இப்படி விழுந்தா என்கிட்ட தூக்கிட்டு வர வேண்டியிருக்காது. புரியுதா?"

புரிந்தது. ஏ.சி.யை அவளே தன் சம்பளச் சேமிப்பில் வாங்கிவிடுவாள். கழகம் கையிலிருந்து எதுவும் கொடுக்க வேண்டாம். ஆனால் உள்ளே இருக்கிற பெட்டியையும் வெளியே இருக்கிற பெட்டியையும் இணைக்கும் குழாய்க்கு, சுவரில் ஒரு ஓட்டை போட வேண்டும். சுவர் கழகத்தின் சுவர். அனுமதியில்லாமல் சுவரில் ஓட்டை போடுகிற குடும்பம் குடியிருப்பைக் காலி செய்ய வேண்டும் என்பது விதி. அப்படியாக அவள் கழகத்திடம் கேட்டது ஏ.சி.யைக்கூட அல்ல. கைமுஷ்டி அளவு ஓர் ஓட்டை.

"ஓட்டை போடாம மாட்ட முடியாதா?" என்று ஏ.சி. மெக்கானிக்கிடம் கேட்டுப் பார்த்தாள்.

"மூக்கைப் பொத்திக்கிட்டு மூச்சு விட முடியுமாக்கா?" என்றார் அவர்.

எழுத்தர் வழி சொன்னார். குடியிருப்பு வெப்ப நலக் குழு என்று ஒன்று இருக்கிறது. முதலில் 'விசிறியை அறிவோம்' உரையைக் கேட்க வேண்டும். பிறகு வீட்டில் வெப்ப ஆய்வு நடக்கும். பிறகு விசிறிப் போதுமைச் சோதனை. அதில் விசிறி தோற்றால் அனுமதி.

"இதுவரைக்கும் விசிறி எத்தனை தரம் தோத்திருக்கு?"

எழுத்தர் அவளைப் பரிதாபமாகப் பார்த்தார். "நல்லா படிச்ச பொண்ணா இருக்க. நல்ல கேள்வியா கேக்கப் பழகும்மா."

படித்த பெண் என்பது அவளுக்குப் பட்டமாகவே நிலைத்துவிட்ட ஒன்று. அந்தக் குடியிருப்பில் கல்லூரிவரை போய்வந்த முதல் ஆள் அவள்தான். எல்லோரும் அவளைப் 'பட்டதாரி' என்றே கூப்பிட்டார்கள். அறிவிப்புப் பலகையில் ஏதாவது ஒட்டியிருந்தால், "ஏ பட்டதாரி, வந்து படிச்சுச் சொல்லு, என்னத்த பிடுங்கறான்னு பாப்போம்" என்பார்கள். அப்போது அது பெருமையாக இருக்கும். அவள் கழகத்தோடு மல்லுக்கு நிற்கிறாள் என்று தெரிந்ததும் அதே சொல்லில் எலுமிச்சம்பழத்தைப் பிழிந்தார்கள். "பட்டதாரிக்கு இப்ப சில்லுனு காத்து வேணுமாம்."

உரை நடந்த கழகக் கூடம் நிரம்பி வழிந்தது. குடியிருப்புப் பெண்கள் கைக்குழந்தைகளோடு வந்து முன்வரிசைகளைப் பிடித்திருந்தார்கள். சிலர் தலையணை கொண்டுவந்திருந்தார்கள். காரணம் கூடத்தின் கூரையிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தது. கோடைக்காலம் முழுக்க இந்த உரைக்குக் கூட்டம் முட்டி மோதும். கழகத்தின் ஆண்டறிக்கை இதைப் பெருமிதத்தோடு குறிப்பிட்டிருந்தது: 'மக்களிடையே விசிறி ஆர்வம் பெருகிவருகிறது.'

சால்வை போர்த்திய நிபுணர் ஒருவர் மேடையேறினார்.

"வெப்பம் என்பது என்ன?" என்று கேட்டார். யாரும் பதில் சொல்லவில்லை. பாதிப் பேர் தூங்கியிருந்தார்கள். "வெப்பம் என்பது ஓர் அபிப்பிராயம். நீங்கள் வெப்பமாக இருக்கிறது என்று நினைக்கிறீர்கள். ஆகவே வியர்க்கிறது. நீங்கள் விசிறிக்குக் கீழே படுக்கிறீர்கள். ஆனால் விசிறியோடு ஒத்துழைக்கிறீர்களா? இல்லை. மனத்தை வேறெங்கோ வைத்துக்கொண்டு உடம்பை மட்டும் விசிறியிடம் ஒப்படைத்தால் விசிறி என்ன செய்யும்? பாவம், அது தனியாகச் சுற்றுகிறது."

பட்டதாரி எழுந்தாள். "சார், அறைக்காத்து உடம்பைவிடச் சூடா இருந்தா விசிறி சூட்டைத்தானே உடம்புக்குள்ள தள்ளும்?"

நிபுணர் மகிழ்ந்தார். "அருமையான கேள்வி. அப்படிப்பட்ட நேரத்தில் அறையில் இருக்கக் கூடாது."

"எங்கப்பா அந்த நேரத்துலதான் தூங்கணும்."

"தூங்குகிறவருக்கு அபிப்பிராயம் ஏது? அபிப்பிராயம் இல்லாத இடத்தில் வெப்பம் ஏது?"

முன்வரிசையில் ஒரு குழந்தை கைதட்டியது. அதைப் பார்த்து மற்றவர்களும் தட்டினார்கள்.

"உங்க வீட்ல என்ன சார் மாட்டியிருக்கீங்க?"

"என் வீட்டில் அறைக்கு ஒரு விசிறி இருக்கிறது," என்றார் நிபுணர் நெஞ்சை நிமிர்த்தி.

"ஏ.சி.?"

"அது என் மனைவியின் சொந்த விஷயம். பெண்களின் சுதந்திரத்தில் நான் தலையிடுவதில்லை."

அடுத்தது வெப்ப ஆய்வு. ஆய்வுக் குழு வந்தபோது கிழக்கு இன்னும் சரியாக வெளுக்கவில்லை. கதவைத் தட்டியதும் அம்மா பதறி எழுந்து, இரண்டு அதிகாரிகளைக் கண்டதும் வாளியை எங்கே ஒளிப்பது என்று தெரியாமல் முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு நின்றாள். அப்பா வேலையிலிருந்து திரும்பவில்லை. ஆய்வாளர் வெப்பமானியைக் கூடத்தின் நடுவில் நீட்டிப் பிடித்தார். அதிகாலைக் காற்று சன்னல் வழியாக வந்து அதைத் தடவிக்கொடுத்தது.

"இதமா இருக்கே," என்றார். "எங்க வீட்ட விட இதமா இருக்கு."

"மத்தியானம் வந்து பாருங்க சார்."

"மத்தியானம் வர முடியாதும்மா. வெயில் அதிகமா இருக்கற நேரத்துல ஆய்வுப் பணியாளர்கள வெளிய அனுப்பக் கூடாதுன்னு தொழிலாளர் நல விதி இருக்கு."

பட்டதாரி, சின்னக் குழந்தைக்குக் கணக்குச் சொல்லித்தருவதுபோல் நிதானமாகக் கேட்டாள். "அதாவது, வெயில் அடிக்குதான்னு பாக்க, வெயில் அடிக்காதப்போதான் வருவீங்க."

"வெயில்ல வந்தா எங்களுக்கு ஏதாவது ஆயிடும்ல?"

"எங்களுக்கு?"

"நீங்க வீட்டுக்குள்ள தானம்மா இருக்கீங்க," என்றார் ஆய்வாளர். அவரிடம் கெட்ட எண்ணம் துளியும் இல்லை. அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை. கெட்டவனாக இருந்தால் நான்கு வார்த்தை திட்டித் தீர்த்துக்கொள்ளலாம். இவரைப் போன்றவர்களைத் திட்டினால் பஞ்சுமூட்டையைக் குத்துகிற மாதிரி, கைக்குத்தான் களைப்பு.

'இதமானது' என்று எழுதிக்கொண்டு போனார்கள். போகும்போது ஆய்வாளர் வாசலில் நின்று, அந்த வாளி எதற்கு என்று அம்மாவைக் கேட்டார். அம்மா மகளைத் திரும்பிப் பார்த்த பார்வையில் 'சொன்னேன்ல' என்பது முழுவதுமாக இருந்தது.

அன்று பள்ளிக்கு அரைநாள். மதியம் வீடு திரும்பியவள், அம்மா தரையில் தண்ணீரைக் கொட்டித் துணியால் பரப்பிக்கொண்டிருப்பதைப் பார்த்தாள். ஈரத்தரையில் அப்பா வெறும் உடம்போடு கிடந்தார். கண் மூடியிருந்தது, தூக்கம் இல்லை. தலைக்கு மேல் விசிறி கடகடவென்று சுற்றியது. தண்ணீர் காய்ந்துகொண்டே வந்தது. அம்மா மறுபடி கொட்டினாள்.

"விசிறிய நிறுத்தட்டுமாப்பா?"

"வேண்டாம்மா. சத்தமாவது கேக்கட்டும்," என்றார் அப்பா. "சத்தத்தக் கேட்டா காத்து வர்ற மாதிரி ஒரு நெனப்பு. நிபுணர் சொன்னார்ல, ஒத்துழைக்கச் சொல்லி." சிரிக்கப் பார்த்தார். உதடு வெடித்திருந்ததால் பாதியில் நின்றுவிட்டது.

இப்படித் தூங்காமல் கிடந்தவர் இரவில் என்ன செய்வார்? ஒரு நாள் விடியும் நேரத்தில் இயந்திரத்துக்குப் பக்கத்தில் நின்றபடியே கண்ணயர்ந்தார். இயந்திரம் ஏதோ கோளாறில் நின்றது. மணி அடித்தது. அவர் விழித்துக் கோளாறைத் தேடிச் சரிசெய்து மறுபடி ஓடவைக்க வெகுநேரம் ஆனது. அதற்குள் மேல்தளத்தில் அதிகாரிகள் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். நாற்காலி சில்லென்று இல்லை. ஒரு துணை இயக்குநருக்கு நெற்றியில் வியர்வை துளிர்த்ததைப் பலர் கண்ணால் கண்டார்கள். இன்னொருவர் கம்பளிச் சட்டையைக் கழற்ற நேர்ந்தது. கழகம் அதற்குப் 'பேரிடர்' என்று பெயர் வைத்தது. பேரிடர் குறித்து விசாரணை நடந்தது. மனநல ஆலோசகரை அழைத்து, பாதிக்கப்பட்ட அதிகாரிகளுக்கு ஆறுதல் அளித்தார்கள். அப்பாவுக்கு விளக்கம் கேட்டு ஓலை வந்தது. பட்டதாரிதான் அதைப் படித்துக் காட்டினாள். 'பகலில் போதிய அளவு உறங்காமல் பணிக்கு வந்தது ஏன்?'

அம்மா அன்றைக்கு வேதம் எதுவும் சொல்லவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வெகுநேரம் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கேட்டாள்:

"ஏன்டி, ஓட்டை எந்தச் சுவத்துல போடணுமாம்?"

விசிறிப் போதுமைச் சோதனைக்கு நாள் குறித்து வந்தது. கழகத்தின் பெரிய கூட்ட அறை. நீள மேசைக்குப் பின்னால் தலைவர், செயலாளர், நிபுணர் மூவரும் உட்கார்ந்திருந்தார்கள். எதிரே இரும்புக் கட்டில், வெள்ளை விரிப்பு, தலையணை. கட்டிலுக்கு மேல் ஒரு விசிறி. விசிறிக்கு மேல், கூரையில், அதே சதுரத் துவாரங்கள். உள்ளே நுழைந்ததும் பட்டதாரியின் கைகளில் மயிர்க்கூச்செறிந்தது.

அப்பா இரவு வேலை முடித்து நேராக வந்திருந்தார். செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டு, கால் அழுக்காக இருக்குமோ என்று பார்த்துக்கொண்டே கட்டிலருகில் போனார். இரவெல்லாம் அவர் காவல் காத்த குளிர்தான் அந்த அறையில் நிறைந்திருந்தது. அதற்குள் அவர் முதன்முறையாகக் கால் வைக்கிறார்.

"சார், படுக்கலாங்களா?"

"படுக்கத்தானேய்யா வந்திருக்க," என்றார் தலைவர் பெருந்தன்மையோடு. செயலாளர் விசிறியைப் போட்டார். அது மெல்லச் சுழன்றது.

"சார், ஒரு நிமிஷம்," என்றாள் பட்டதாரி. "விசிறி போதுமான்னு தானே சோதனை? அப்போ ஏ.சி.ய நிறுத்திட்டுச் சோதிங்க."

"சூழல்," என்று திருத்தினார் செயலாளர். "சூழலை நிறுத்த முடியாதும்மா. உள்ள கருவி இருக்கு."

"எந்தக் கருவி?"

செயலாளர் மேலே கைகாட்டினார். "விசிறி. சோதனைக் கருவி சூடாயிட்டா முடிவு தப்பா வந்துடும்ல?"

அவள் வாயைத் திறந்தாள். அதற்குள் அறையில் ஒரு சத்தம் கேட்டது. எல்லோரும் திரும்பினார்கள்.

அப்பா குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

தலை சாய்த்தது தெரியும், தூங்கியது யாருக்கும் தெரியாது. கல் கிணற்றில் விழுகிற மாதிரி விழுந்துவிட்டார். ஒரு கை கட்டிலுக்கு வெளியே தொங்கியது. பல மாதங்களாக அவர் புருவங்களுக்கு நடுவில் இருந்த முடிச்சு அவிழ்ந்து, முகம் யாரோ ஒரு வாலிபனுடைய முகம்போல் ஆகியிருந்தது. பட்டதாரி, அழுதால் அதையும் விசிறியின் வெற்றி என்று எழுதிக்கொள்வார்கள் என்று பல்லைக் கடித்தாள்.

"பார்த்தீர்களா!" என்று நிபுணர் பரவசமாய்க் கத்தப் போனார். செயலாளர் பாய்ந்து அவர் வாயைப் பொத்தினார்.

"ஐயா, விதி!" என்றார் கிசுகிசுப்பாக. "சோதனைக்குரியவர் தூங்கிட்டா, தானா எழுந்திரிக்கற வரைக்கும் யாரும் எழுப்பக் கூடாது. அவர் எழுந்திரிக்கற வரைக்கும் குழு மொத்தமும் சாட்சியா உக்காந்திருக்கணும். சூழல்லயும் எதையும் மாத்தக் கூடாது. எழுப்பிட்டா சோதனை செல்லாது. செல்லாத சோதனையில விசிறி தோத்ததாத்தான் அர்த்தம்."

"இப்படி ஒரு விதியை யார்யா போட்டது?" தலைவரும் கிசுகிசுத்தார்.

"நீங்கதாங்கய்யா. யாரும் இதுவரைக்கும் தூங்கினதில்லைங்கறதால கவனத்துக்கு வரல."

உண்மைதான். இதுவரை வந்தவர்கள் பயத்தில் கண்ணை இறுக்கிக்கொண்டு சிறிது நேரம் கிடந்துவிட்டு, கும்பிடு போட்டு எழுந்து போனார்கள். மெய்யாகவே தூங்கிய முதல் தொழிலாளி இவர்தான்.

தலைவர் தன்னைத் தேற்றிக்கொண்டார். வரலாற்றுத் தருணங்களில் பேசாமல் இருப்பது அவருக்குப் பழக்கமில்லை. மேசைமேல் குனிந்து, ரகசியம் சொல்வதுபோல் உரையாற்றினார். "ஒரு ஏழைத் தொழிலாளி. ஒரு சாதாரண விசிறி. எவ்வளவு ஆழமான தூக்கம்! இதைத்தான் நான் காலமெல்லாம் சொல்லிக்கொண்டு வருகிறேன். எங்களைப் பாருங்கள். எங்களுக்கு இப்படித் தூக்கம் வருகிறதா? வராது. ஏன்? நாங்கள் மூளையால் உழைக்கிறோம். மூளை சூடாகும். சூடாகிற மூளையைக் குளிர வைப்பது நாட்டுக்குச் செய்கிற தொண்டு. இவருடைய உடம்பு அப்படியா? வெயிலில் காய்ந்து பக்குவப்பட்ட உடம்பு. இதற்குப் போய் செயற்கைக் குளிரைக் கொடுத்துக் கெடுத்துவிட்டால், நாளைக்கு அந்த இயந்திரத்தின் பக்கத்தில் இரவெல்லாம் யார் நிற்பது? நானா?"

கேள்வியின் கொடுமை தாங்காமல் அவரே ஒருமுறை நடுங்கினார். பிறகு பட்டதாரியைப் பார்த்துப் புன்னகைத்தார். "உன் கோரிக்கை தள்ளுபடி. ஆனா நாங்க இரக்கமில்லாதவங்க இல்லம்மா. இந்தக் குடும்பத்துக்கு இன்னொரு விசிறி இலவசமா தர்றோம். அதுக்குக் கீழ அப்பாவும் நீயும் நிக்கற மாதிரி ஒரு படம் எடுத்துச் சுவரெல்லாம் ஒட்டப் போறோம். 'விசிறி போதுமானது.' எப்படி?"

பட்டதாரி செயலாளரைக் கேட்டாள். "அப்போ, அப்பா தானா முழிக்கிற வரைக்கும் நீங்க யாரும் இந்த ரூம விட்டுப் போகக் கூடாது?"

"கூடாது."

"ஏ.சி.யையும் நிறுத்தக் கூடாது?"

"சூழல். ஆமா, கூடாது."

"சத்தம் போட்டும் பேசக் கூடாது?"

"நீயே பாக்கறியே."

"நல்லது," என்றாள். கைப்பையைத் தோளில் மாட்டினாள். "எங்கப்பா தூங்கிப் பல மாசம் ஆச்சு. சாயங்காலம் வரைக்கும் எழுந்திரிக்க மாட்டார்னு நினைக்கிறேன். போத்திக்க ஏதாவது இருந்தா குடுங்க, குளிருது. நான் கிளம்பறேன்."

"எங்க கிளம்பற?"

"வீட்டுக்கு. சுவத்துல ஓட்டை போட மெக்கானிக் வந்திருப்பார். நேத்தே சொல்லி வெச்சாச்சு. எங்கம்மா இடத்தக் காட்டிக்கிட்டு நிப்பாங்க."

தலைவர் நாற்காலியிலிருந்து பாதி எழுந்து, விதி ஞாபகம் வந்து மறுபடி உட்கார்ந்தார். முகம் சிவந்தது. அவர் அப்படிச் சிவந்தபோதெல்லாம் கட்டடமே கிடுகிடுக்கும். இப்போது தொண்டையிலிருந்து காற்றுதான் வந்தது. "நேத்தேன்னா? அப்போ எதுக்கு இங்க வந்த?"

"எங்கப்பா கேட்டார். 'ஒரு தரம் மொறையா கேட்டுப் பாப்போம்மா, அவங்களும் மனுசங்கதானே'ன்னார். அவருக்காக வந்தேன்."

"வீட்டைக் காலி பண்ண வெச்சிடுவேன்!" என்று தலைவர் கிசுகிசுத்தார்.

"பண்ணிக்கறோம்."

"உங்கப்பன் வேலை போயிடும்!" இதுவும் கிசுகிசுப்புதான்.

"போகட்டும். தூங்காம வேலைக்கு வந்தது ஏன்னு ஓலை அனுப்பினீங்கல்ல? அதுக்குப் பதில் அங்க படுத்திருக்கு, பாத்துக்கோங்க." அவள் குரலை உயர்த்தவில்லை. அப்பாவுக்குத் தூக்கம் கலையக் கூடாது. தணிந்து வந்த சொற்கள் பழுக்கக் காய்ச்சிய ஊசிகளாக இறங்கின. "வேலை போனா வேற வேலை. வீடு போனா வேற வீடு, ஓலைக் குடிசையா இருந்தாலும் சரி. எங்கப்பா போனா, வேற அப்பாவை உங்க குழு ஒதுக்கீடு பண்ணுமா சார்? ஊரையே குளிர வெக்கிற மனுசன் ஈரத்தரையில மீன் மாதிரி துடிச்சுக்கிட்டுக் கிடந்தார். உங்கள்ல ஒருத்தர் நெத்தியில ஒரு சொட்டு வேர்த்ததுக்கு ஆறுதல் சொல்ல ஆள் கூட்டிட்டு வந்தீங்க. த்தூ! கேக்கறேன்னு வந்தேன் பாருங்க, என் புத்தியச் சொல்லணும்."

"நிபுணர், ஏதாவது சொல்லுங்க," என்று கெஞ்சினார் தலைவர்.

நிபுணர் சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டார். "இது அவங்க அபிப்பிராயம்," என்றார்.

கட்டிலில் அப்பா புரண்டு படுத்தார். மூவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். குறட்டை மறுபடி தொடங்கியதும் செயலாளர் தன் மேல்சட்டையைக் கழற்றி, நுனிக்காலில் நடந்துபோய், அவர்மேல் போர்த்திவிட்டுப் பல் கிடுகிடுக்கத் திரும்பி வந்தார்.

பட்டதாரி வாசலுக்குப் போனாள். கோபம் வந்தால் கதவைப் படாரென்று அறைந்து சாத்துகிறவள் அவள். அதற்காகச் சின்ன வயதிலிருந்து வாங்கிக்கட்டிக்கொண்ட திட்டுகளுக்குக் கணக்கில்லை. இந்தக் கதவின் கைப்பிடியை இரண்டு கைகளாலும் பிடித்து, கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து, தாழ்ப்பாள் சத்தம்கூட எழாமல் சாத்திவிட்டு, வெயிலுக்குள் இறங்கி நடந்தாள்.